பதினான்கு இடங்களும் ஒரு கேரட் தோட்டமும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாதம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நானும் என் மனைவியும் வேலை பார்க்கும் கம்பெனியில் மெஷின்களைப் பழுதுபார்க்க ஐந்து நாள் லீவு விட்டார்கள். எங்கள் டிபார்ட்மென்டில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து, வேன் பிடித்து ஊட்டி போவதாக முடிவானது.

திட்டம் போட்டது நான்தான். டூர் என்றால் எனக்கு ஓர் இடத்தில் கால் நிற்காது. இரண்டு நாளில் பதினான்கு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று எழுதி எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். என் மனைவி கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் புதுவாயல் கூட்டுரோட்டில் வேன் ஏறி, மறுநாள் காலையில் ஊட்டி போய்ச் சேர்ந்தோம். மதியத்துக்குள் ஐந்து இடங்களை முடித்துவிட்டோம். ஆறாவது இடத்தில், சாலையோரம் ஒரு அம்மா இலையோடு கேரட்டைக் கட்டுக்கட்டாக வைத்து விற்றுக்கொண்டிருந்தார். என் மனைவி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தவள், கிளம்பும்போது எழுந்திருக்கவே இல்லை.

"நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கியே குந்திக்கினு இருக்கேன்" என்றாள்.

எனக்கு ஆத்திரம். "இதுக்கா இவ்ளோ தூரம் வந்த?" என்று கேட்டுவிட்டு வேனில் ஏறிவிட்டேன். அவளுடைய போன் என் பையில் இருப்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

ஏழாவது இடத்தைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினால், மழை தூறி, பனிமூட்டம் இறங்கி, பத்தடி தள்ளி நிற்கும் ஆள் தெரியவில்லை. கேரட் கடை மேல் தார்ப்பாய் மூடியிருந்தது. அந்த அம்மாவும் இல்லை, என் மனைவியும் இல்லை. டீக்கடை, பஸ் நிறுத்தம், எல்லா இடத்திலும் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. ஒரு பக்கம் பள்ளம். "பேஜாராவாத நைனா, இங்கதான் எங்கனா இருக்கும்" என்று கூட வந்த நண்பர் சொன்னாலும், அவர் குரலிலும் பயம் இருந்தது. அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே சாலையில் ஓடினேன்.

பள்ளத்துப் பக்கமிருந்து, பனிக்குள்ளிருந்து பதில் வந்தது.

"இன்னாத்துக்கு இப்டி கத்துற? கீழ வரைக்கும் கேக்குது."

முழங்கால் வரை சேறு, இடுப்பில் ஒரு கூடை கேரட். கடைக்கார அம்மாவின் தோட்டம் சாலைக்குக் கீழேயே இருந்திருக்கிறது. மழைக்கு முன்னால் பறித்துவிட வேண்டுமென்று அவர் ஓட, இவளும் கூடவே இறங்கியிருக்கிறாள். திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்ததில் திட்ட மறந்துவிட்டது.

அந்த அம்மா கொடுத்த சுடு காபியைக் குடிக்கும்போது அவள் சொன்னாள்: "பேக்கிங் செக்‌ஷன்ல தெனம் எட்டு மணி நேரம் நின்னுக்கினே இருக்கேன். லீவுலயும் ஏறு, எறங்கு, நில்லு, போட்டோ புடின்னா எப்டி? எனக்கு ஒரே எடத்துல இருக்கணும். அந்த ஊரு ஆளுங்க கூட பேசணும். அதான் எனக்கு டூரு."

"மொதல்லயே சொல்லி இருக்கலாம் இல்ல?"

"நீ எங்க கேட்ட?"



மறுநாள் நான் வேனோடு சுற்றினேன், அவள் தோட்டத்திலேயே இருந்தாள். சாயங்காலம் ஒருவருக்கொருவர் கதை சொன்னபோது, ஏழு இடம் பார்த்த என்னைவிட அவளிடம்தான் அதிகக் கதைகள் இருந்தன.

அடுத்த வருடம் கடற்கரையோரம் ஒரு சிறிய ஊர். கோட்டை, கோயில், கலங்கரை விளக்கம் எல்லாம் நான் சுற்றினேன். அவள் மீன் விற்கும் பெண்களோடு மூன்று நாளும் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு நேரத்துக்குச் சேர்ந்துகொண்டோம். சண்டையே வரவில்லை.

இப்போது கம்பெனி பஸ்ஸில் யாராவது என்னிடம் டூருக்கு யோசனை கேட்டால், ஊர்ப் பெயர் சொல்வதற்கு முன், கூட வருகிறவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கிறேன். பாதிப் பேர் விழிக்கிறார்கள். பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் கேள்வியைக் கேட்காதவன் என்பதால், அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வருவதில்லை.