கோர்ட்டு மதலேனா

மதலேனம்மாளுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தது கேலிக்காகத்தான். தேயிலைக் கொழுந்து கிள்ளுகிற பொம்பளைக்குக் கோர்ட்டில் என்ன வேலை என்று எஸ்டேட் லயத்து வீடுகளில் இருந்த ஆண்கள் கேட்டார்கள். இலவசச் சட்ட உதவிக்காரர்கள் நடத்திய வகுப்புக்கு அவள் போனதும் மதியச் சாப்பாட்டுக்குத்தான். அதை அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆனால் வகுப்பு முடிந்து அடையாள அட்டையோடு வந்தவள், புருஷனிடம் அடிபட்ட பெண்களை மலையிறக்கிக் கோர்ட்டுப் படியேற்றத் தொடங்கியதும் கேலி அடங்கிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அவளிடம் ஒரு கண்டிப்பு உண்டு. யாரை அழைத்துப்போனாலும் எஸ்டேட் ஜீப்பில் ஏறமாட்டாள். ஏலக்காட்டு வழியாக இறங்கிக் கீழ்ரோட்டில் பஸ் பிடிப்பாள். ஜீப் ஓட்டுகிறவர்கள் ஒருவனுக்கொருவன் அண்ணன் தம்பி மாதிரி. ஒருத்தன் வீட்டுப் பெண் ஏறினால் மற்றவன் காசு வாங்கமாட்டான். எங்கே இறக்கிவிட்டேன் என்று அவள் புருஷனுக்கு உடனே தகவலும் சொல்லிவிடுவான். அங்கே அதற்குப் பெயர் மரியாதை.

மாரீஸ்வரியின் புருஷன் லோகேஷும் ஜீப் ஓட்டுகிறவன்தான். முந்தின இரவு அவள் கழுத்தை நெரித்திருக்கிறான். அக்கம்பக்கத்தார் வந்து கதவைத் தட்டிய பிறகுதான் கையை எடுத்திருக்கிறான். விடிந்து அவன் சவாரிக்குப் போனதும் அவள் மதலேனம்மாள் வாசலில் வந்து நின்றாள். பேசப் பார்த்தாள், காற்றுதான் வந்தது. வீடு அவள் பேரில் எஸ்டேட் கொடுத்தது. அவன் அதற்குள் கால்வைக்கக் கூடாது என்று இன்றைக்கே அவசர உத்தரவு வாங்கியாக வேண்டும். நாளை முதல் ஓணம் லீவு. கோர்ட்டு மறுபடி திறக்கிறவரை இவள் உயிரோடு இருக்க வேண்டுமே!

கீழ்ரோட்டில் மழை பிடித்துக்கொண்டது. மேலே எங்கோ மண் சரிந்து பஸ் வராது என்றார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அப்போது ஒரு ஜீப் வந்து நின்றது. ஓட்டுகிறவன் முன்பின் பார்த்திராத ஆள், வண்டியும் வேறு எஸ்டேட் பக்கத்து வண்டி. மனசைக் கல்லாக்கிக்கொண்டு மாரீஸ்வரியை ஏற்றித் தானும் ஏறினாள்.

டவுனில் இறங்கிக் காசை நீட்டியபோது அவன் கும்பிடு போட்டான்.

"வேண்டாங்க்கா. நான் டிஜோ. லோகேஷண்ணன் கல்யாணத்துக்கே வந்திருக்கேன். மைனிகிட்ட காசு வாங்கிட்டு நாளைக்கு ஸ்டாண்டுல வண்டி போட முடியுமா? டீசல் அடிக்க நிப்பாட்டுனப்பவே அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன், கோர்ட்டுப் பக்கம் இறக்கிவிடுதேன்னு."

உதவி செய்த பூரிப்பு அவன் முகத்தில் வழிந்தது. மதலேனம்மாளுக்கு அவனைப் பளாரென்று அறையலாம் போலிருந்தது. அதைவிடத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

இலவச வக்கீல் செல்வப்பிரியா மளமளவென்று மனுவைத் தயார்செய்து கையெழுத்து வாங்கி உள்ளே கொடுத்தாள். "கூப்பிடுவாங்க. யார் வந்தாலும் இந்த பெஞ்சைவிட்டு எழுந்திரிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அழைப்புக்கு முன்னால் லோகேஷ் வந்துவிட்டான். சலவைச் சட்டை, படிய வாரிய தலை, கையில் மாரீஸ்வரியின் ஸ்வெட்டர்.

"என்ன மாரி, இப்படி நனைஞ்சிருக்க? இந்தா, போட்டுக்கோ. நேத்து ஏதோ புத்தி கெட்டுப்போச்சு. வா, வீட்டுக்குப் போவோம்."

தேன் ஒழுகுகிற குரல். வராந்தாவில் இருந்தவர்கள்கூட அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். மாரீஸ்வரி எழுந்துவிட்டாள். அவன் கூப்பிட்டால் எழுந்து எழுந்தே பழகிய உடம்பு அது.

மதலேனம்மாள் அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பிடித்து இழுக்க வீட்டில் ஒருத்தன் இருக்கிறான், அது போதும் என்பது அவள் எண்ணம்.

"போறதுன்னா போ மாரி, நான் தடுக்கமாட்டேன். போன வருஷம் இதே வராந்தாவுல இருந்து ஒருத்தி எந்திரிச்சு அவ புருஷன் பின்னால போனா. அவ அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். அவ்வளவுதான் சொல்லுவேன்."

"ஏ கெழவி, குடும்பத்தக் கெடுக்கதுதான் ஒனக்குப் பொழப்பா?" லோகேஷின் தேன் ஒரு நொடியில் வற்றிப்போயிற்று. அவன் மாரீஸ்வரியின் தோளை எட்டிப் பிடிக்கப் போனான். அவள் இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் அவனைச் சுற்றிக்கொண்டு உள்ளே நடந்தாள். மதலேனம்மாளும் பின்னாலேயே போனாள்.

என்ன நடந்தது என்று மஜிஸ்ட்ரேட் கேட்டார். அவளுக்குக் குரல் எழும்பவில்லை. மாரீஸ்வரி துப்பட்டாவை எடுத்துக் கழுத்தைக் காட்டினாள். கன்றிப்போன விரல் தடம் ஐந்தும் தெரிந்தது. "அவரு வீட்டுக்கு வந்தா நான் செத்துருவேன்" என்று கிசுகிசுத்தாள். செல்வப்பிரியா அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னாள். அன்றே உத்தரவு ஆயிற்று: அவன் அந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது, அவளை நெருங்கக் கூடாது.

சாயங்காலம் போலீஸ்காரர்கள் லயத்துக்கு வந்து உத்தரவை லோகேஷுக்குப் படித்துக் காட்டினார்கள். அவன் துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டான். போகிறபோது மதலேனம்மாளிடம், "ஒங்க கோர்ட்டு எத்தன நாளைக்கு இங்க வந்து காவல் நிக்குதுன்னு பாக்கேன்" என்றான். போலீஸ்காரர்களும் போய்விட்டார்கள்.

மாரீஸ்வரி கதவைச் சாத்தினாள். உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. ஆணி இருந்த ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"நான் உள்ள பூட்டிக்கிடக் கூடாதுன்னு அவருதான் பிடுங்கிப்போட்டாரு."

எத்தனையோ உத்தரவு வாங்கிக் கொடுத்த மதலேனம்மாளுக்கு, அந்த ஓட்டைகளைப் பார்த்ததும் பயம் வந்தது. நாளைக்குத் தச்சனைப் பிடிக்கலாம், இந்த ராத்திரிக்கு என்ன செய்வது? பாயை எடுத்துக் கதவை ஒட்டி விரித்து, அதில் உட்காரப் போனாள்.

மாரீஸ்வரி அடுப்படியிலிருந்து ஆட்டுக்கல்லை மூச்சுவாங்க உருட்டி வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். பிறகு மதலேனம்மாளின் தோளைத் தொட்டு நகர்த்தினாள். கரகரத்தாலும் குரல் வந்துவிட்டிருந்தது.

"அக்கா, நீங்க உள்ள தள்ளிப் படுங்க. கதவுப் பக்கம் நான் படுத்துக்கிடுதேன்."