மூன்று வரி அட்டை

ஏற்காடு பஜாரில் என் காபித்தூள் கடைக்கு அடுத்த கடை சுகுணாவுடையது. ரீசார்ஜ், ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், பஸ் டிக்கெட் எல்லாம் அந்த ஆறடி அகலக் கடைக்குள் நடக்கும். அவள் அப்பா பெரியசாமி எஸ்டேட்டில் மருந்தடித்தவர். மகள் காபிச் செடிப் பக்கமே போகக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்று கம்ப்யூட்டர் படிக்க வைத்தார். இப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. எடுத்த வேலையை முடிக்காமல் தானும் சாப்பிட மாட்டாள், பக்கத்தில் இருப்பவனையும் சாப்பிட விட மாட்டாள். அதற்காக அவளோடு நான் சண்டை போடாத வாரம் இல்லை. ஆனாலும் இந்த மலையில் எனக்குப் பிடித்த பத்துப் பேரைச் சொல்லச் சொன்னால் அவளைத்தான் முதலில் சொல்வேன்.

இங்கே ஒரு வழக்கம் இருந்தது. கிளியூர்ப் பக்கம் பள்ளத்தில் டவர் எடுக்காது. அதனால் அங்கே பலரும் போனே வாங்காமல் பேங்குக்கும் கேஸுக்கும் சுகுணாவின் நம்பரையே கொடுத்திருந்தார்கள். அவர்கள் சேலத்தில் ஏதாவது ஆபீஸில் நிற்கும்போது ஓடிபி இவள் போனுக்கு வரும். அங்கிருந்து கூப்பிடுவது யாராக வேண்டுமானாலும் இருக்கும்: கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர், வரிசையில் பின்னால் நிற்பவர், டீக்கடைக்காரர். 'இன்னாருக்கு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க' என்பார்கள். பெயர் சரியாக இருந்தால் இவள் படித்துச் சொல்லிவிடுவாள். பத்து வருடமாக ஒரு தப்பும் நடக்கவில்லை. அதைச் சேவை என்றுதான் நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம்.

கிளியூர் இறக்கத்தில் கண்ணம்மாளும் அவர் வீட்டுக்காரர் பொன்னுவேலும் இருக்கிறார்கள். மூன்று ஏக்கர் காபி, கொஞ்சம் மிளகு, நாலு பலாமரம். தோட்டத்துக்குள் வெளியூர்க்காரர்கள் தங்க இரண்டு ரூம் கட்டியிருந்தார்கள். அந்த ரூம்களுக்கு இன்டர்நெட்டில் ஒரு பக்கம் ஏற்படுத்திக் கொடுத்ததும் சுகுணாதான். கூச்சப்பட்ட கண்ணம்மாளைச் சிரிக்க வைத்துப் போட்டோ எடுத்து, கீழே தன் நம்பரைப் போட்டாள். ஒரு பைசா வாங்கவில்லை. மாதம் ஒரு பலாப்பழம் வரும், அதில் பாதி எனக்கு.

போன வருடம் கோடை விழா சமயம். கடையில் நிற்க இடமில்லை. ஒரு ஆள் போனில் கூப்பிட்டு, கண்ணம்மாள் ரூம் விஷயமாக ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க என்றான். வந்திருந்தது. சொன்னாள். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அடுத்த ஜெராக்ஸை எடுத்துக் கொடுப்பதற்குள் அதை மறந்தும் போனாள்.

நாலாம் நாள் மூன்று குடும்பங்கள், பெட்டி படுக்கையோடு கண்ணம்மாள் வாசலில் வந்து நின்றன. எல்லோரும் முன்பணம் கட்டியிருந்தார்கள். அந்தப் பணம், சுகுணா சொன்ன நம்பரை வைத்து ரூம் பக்கத்தையே பறித்துக்கொண்ட எவனுக்கோ போயிருந்தது. இரண்டு ரூமிலும் ஏற்கெனவே ஆள் இருந்தது. கண்ணம்மாள் இரண்டு குடும்பங்களுக்குத் தன் வீட்டையே ஒழித்துக் கொடுத்து, தானும் பொன்னுவேலும் காபி மூட்டை போடும் ரூமுக்குப் போனார். எல்லோருக்கும் சமைத்துப் போட்டார். மூன்றாவது குடும்பம் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போய், அந்தச் சிரித்த போட்டோவுக்குக் கீழே 'இந்தம்மா மோசடிக்காரி' என்று எழுதியது.

சுகுணா போனை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். "இந்தச் சிரிப்பு நான் சிரிக்கச் சொன்னதுங்கண்ணா" என்றாள்.

யார் நம்பரைச் சொன்னது என்று யாருக்குத் தெரியப் போகிறது, வாயை மூடிக்கொண்டு இரு என்று நான் புத்தி சொன்னேன். அந்தப் புத்தியை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சீசன் கூட்டத்தில் கடையைச் சாத்திவிட்டுக் கிளியூர் இறக்கத்தில் நடந்தாள்.

கண்ணம்மாள் பலாக்கொட்டை உரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டாராம். பிறகு, "நீயா வந்து சொல்லலீன்னா எனக்கு எங்க தெரியப் போவுது கண்ணு" என்று மட்டும் சொல்லி மோர் கொடுத்தாராம். திட்டவும் இல்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவர் சுகுணாவின் கடைக்கு வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் ஒரு தலையசைப்பு. பலாப்பழமும் நின்றது. அந்த மழைக்காலத்தில் பள்ளத்துக்கும் டவர் வந்து, கண்ணம்மாள் சொந்தமாகப் போன் வாங்கினார். ரூம் பக்கத்தில் சுகுணாவின் நம்பரை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போட்டுக்கொண்டார். முறைதான், ஆனால் சுகுணா அன்று சீக்கிரமே கடையைச் சாத்தினாள்.

அதற்கு முன்பே, போலீஸில் புகார் பதிந்த கையோடு, பறிபோன பக்கத்தை மீட்க அவள் கதவு கதவாகத் தட்டினாள். அப்படிக் கிடைத்ததுதான் 'பக்கத்துக் கடை' என்கிற குழு. நாடு முழுக்க இருக்கிற சின்னக் கடைக்காரர்களும், அவர்களுக்குச் சம்பளம் வாங்காமல் உதவுகிற கம்ப்யூட்டர்காரர்களும் மாதத்தின் முதல் சனிக்கிழமை போனில் கூடுவார்கள். அசாமில் துணிக்கடை வைத்திருப்பவர், ராஜஸ்தானில் டிராக்டர் சாமான் விற்பவர் என்று எத்தனையோ பேர். தமிழுக்கு நாகர்கோவில் கிறிஸ்டோ. அந்தத் தம்பி ஒன்பது நாள் மெனக்கெட்டு, பத்திரம் பட்டா எல்லாம் காட்டி, பக்கத்தை மீட்டுக் கொடுத்தான். மோசடி என்று எழுதியதும் நீங்கியது. ஆனால் போன சீசன் போனதுதான்.

உங்கள் மலையில் குழுவின் வேலைக்கு நீங்களே பொறுப்பெடுங்கள் என்று அவன் கேட்டபோது, நம்பரைத் தூக்கிக் கொடுத்தவளே நான்தான் என்றாள் சுகுணா. "அதனாலதான் உங்கட்ட கேக்கேன்" என்றான் அவன்.

அன்று பிடித்தது அவளுக்கு வெறி. லாட்ஜ், தேன் கடை, ஜீப் ஸ்டாண்ட் என்று போய் எச்சரிக்காமல் ஒரு இடம் விடவில்லை. என் காலண்டரில் எழுதியிருந்த பாஸ்வேர்டைப் பார்த்துவிட்டு, சாமி படத்தோடு சேர்த்துக் கிழித்துப் போட்டாள். குழுவில் எல்லோரும் சேர்ந்து உண்டாக்கிய ஒரு அட்டையைத் தமிழில் எழுதி, என் காபித்தூள் பெட்டிகளை வெட்டி நூற்றுக்கணக்கில் தயார் செய்தாள். மேலே ஒரே விதி: 'யார் குரலாக இருந்தாலும் நம்பரைச் சொல்லாதே. போனை வை. உனக்குத் தெரிந்த ஆளை நீயே கூப்பிட்டுக் கேள்.' கீழே மூன்று காலி வரிகள். அதில் நம்பிக்கையான மூன்று பேருடைய நம்பரை வீட்டுக்காரர்களே தங்கள் கையால் எழுத வேண்டும். இன்னாரை எழுதுங்கள் என்று அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள். பெரும்பாலானோர் அவள் நம்பரைத்தான் எழுதினார்கள்.

எல்லா வீட்டுக்கும் நேரில் போனவள், கண்ணம்மாளுக்கு மட்டும் ஜீப்காரர் கோபியிடம் அட்டையைக் கொடுத்தனுப்பினாள். அந்த வீட்டு அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கோபியிடம் கேட்கச் சொல்லி என்னைத் தூண்டுவாள். நான் கேட்கப் போனால், வேண்டாங்கண்ணா என்று தடுத்துவிடுவாள்.

இந்த மே மாதம், கோடை விழாவுக்கு மூன்று நாள் முன்பு, கிறிஸ்டோ அவசரமாகக் கூப்பிட்டான். மலை ஊர்களில் தங்கும் ரூம் பக்கங்களை யாரோ வரிசையாகப் பறிக்கிறார்கள், உடனே எல்லோரையும் உஷார்படுத்துங்கள் என்றான். சுகுணா காலையிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். மத்தியானத்துக்குள் அவள் போனில் சார்ஜ் தீர்ந்து, அதைச் சுவரில் சார்ஜுக்கு மாட்டிவிட்டு என் போனைப் பிடுங்கிக்கொண்டாள். கடைசியாக மிச்சம் இருந்தது கண்ணம்மாள். ஒரு வருடத்துக்குப் பிறகு கூப்பிடுகிறாள். ஸ்பீக்கரில் வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"அக்கா, சுகுணா பேசறனுங்க. உங்களுக்கு ஏதாச்சும் நம்பர் வந்துதுங்களா?"

"நம்பர் கேட்டா நான் சொல்லறதில்லீங்க" என்று கண்ணம்மாள் போனை வைத்துவிட்டார்.

சுகுணா என் போனை மேசையில் வைத்தாள். சரிதானே, கற்றுக் கொடுத்தபடிதானே செய்தார் என்று நான் சொன்னேன். ஆமாங்கண்ணா என்றாள். ஆனால் முகம் அப்படியே விழுந்துவிட்டது. அவள் குரலைக் கேட்டே வைத்துவிட்டாரே என்று எனக்கும் ஒரு மாதிரி இருந்தது.

அப்போது சுவரில் மாட்டியிருந்த அவள் போன் அடித்தது. சார்ஜரிலிருந்து எடுக்காமலே ஸ்பீக்கரில் போட்டாள். கண்ணம்மாள்.

"சுகுணா, இப்பத்தான் எவளோ உம் பேரச் சொல்லி என்னையக் கூப்புட்டா கண்ணு. வேற நம்பரு. ஆனா அச்சு அசலா உன்ற குரலு. நான் ஒண்ணும் குடுக்கல. நீ நொம்ப சூதானமா இரு சாமி, உம் பேரக் கெடுத்துப்புடுவாளுங்க."

"என்ற நம்பர எங்கீங்கக்கா பாத்தீங்க?" என்றாள் சுகுணா.

"அட்டையிலதான். மொத வரியே உன்றதுதான கண்ணு. மத்த ரெண்டு வரிக்கு ஆளத் தேடிக்கிட்டு இருக்கறேன்."

அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று சுகுணா சொல்வதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடையில் ஜெராக்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போனை வாங்கி, சுகுணா சாயங்காலம் அங்கே வருவாள் என்று கண்ணம்மாளிடம் சொன்னேன். நீங்க யாருங்க என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். கண்ணம்மாள் போனை வைத்துவிட்டு, காபித்தூள் பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் என் கடை லேண்ட்லைனுக்கே திரும்பக் கூப்பிட்டு, நான் ஓடிப் போய் எடுத்ததும், சரிங்க, வரச் சொல்லுங்க என்றார்.