எரிந்த ரப்பரின் நாற்றம்

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில் உத்திரமேரூர் பக்கம் வீட்டுக்கு வீடு விஷக் காய்ச்சல். எனக்குப் பத்து நாள் இருந்தது. காய்ச்சலோடு மோப்பமும் போய்விட்டது. இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது அது கெட்டுப்போயிருந்தது. வெங்காயம் வதக்கினால் ரப்பர் எரியும் நாற்றம். காப்பியில் செத்த எலி. கறி எல்லாவற்றையும்விட மோசம். செங்கல்பட்டு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நரம்பு சமாச்சாரம், தானாகச் சரியாகும் என்றார். ஆறிய சோறும் மோரும் மட்டும் சாப்பிட்டேன். நான் வெளியே போன பிறகுதான் மனைவி தாளிப்பாள்.

இதை என் சிநேகிதனிடம் நான் சொல்லவில்லை. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவன் லைன்மேன் ஆனான். நான் ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். என் வீடு ஊருக்குள், அவன் வீடு காலனியில். ஊர்க்காரர்கள் காலனிக்குப் போனால் அங்கே கோலி சோடா வாங்கிக் கொடுப்பார்கள். கடையில் வாங்கியது, மூடிய பாட்டில், காலனித் தண்ணீர் கலக்காதது. எனக்கு அவன் வீட்டில் சோடா வந்ததில்லை. பானையில் மொண்டு கொடுப்பார்கள், குடிப்பேன்.

மகளுக்குக் காது குத்தல் வைத்தான். "மொத பந்தியில நீ குந்தணும்பா. எங்க ஆளுங்க பாக்கட்டும்" என்றான்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கிவிடலாம் என்று நினைத்துப் போனேன்.

கறிக்குழம்பை ஊற்றியது அவன் அம்மா. ஒரு கவளம் உள்ளே போனது. இரண்டாவதை வாயில் வைத்ததும் எழுந்து ஓடி, வேலியோரம் வாந்தி எடுத்தேன். திரும்பிப் பார்த்தபோது பந்தியில் யாரும் சாப்பிடவில்லை.

"காய்ச்சல்ல மூக்கு கெட்டுப்போச்சு. எதுவா இருந்தாலும் நாறுது" என்றேன்.

"காலனிக்கு வந்தா நாறாம மணக்குமா?" என்றார் பந்தியில் ஒருவர். சிலர் சிரித்தார்கள்.

"எங்க வூட்டுலயும் இப்பிடித்தாம்மா கீது" என்றேன் அவன் அம்மாவிடம்.

"உங்க வூட்டுல இன்னா நாறும் நைனா?" என்றாள் அவன் அம்மா. குரலில் கோபம் இல்லை. குனிந்து என் இலையை மடித்தாள்.

"வுடும்மா, அவனுக்கு ஒடம்பு சரியில்ல" என்றான் அவன். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் எங்கள் தெருவுக்குச் செய்தி வந்துவிட்டது. பெரியப்பா வழிமறித்தார். "எத்தினி வருசம் பயகினா இன்னாடா? ஒடம்பு காட்டிக் குடுத்துடுச்சு பாரு" என்று முதுகில் தட்டினார். எங்கள் வீட்டு வெங்காயத்திலும் அதே நாற்றம்தான் என்று சொன்னேன். அவரும் நம்பவில்லை.

அடுத்த அறுப்புக்கு முன் நாற்றம் அடங்கியது. காப்பி காப்பியாகவே மணந்த ஒரு காலை, சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. கருவாட்டு வாசனைதான் வந்தது.

"மூக்கு சரியாயிடுச்சுடா. சோறு போடச் சொல்லு."

"நல்லதுங்க. குந்துங்க" என்றான்.

அந்த 'ங்க' அதற்கு முன் எங்களுக்குள் இருந்ததில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அவன் அம்மா அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. கடையிலிருந்து வந்தவன், கட்டைவிரலால் கோலிக்குண்டை அழுத்திச் சோடாவை உடைத்து நீட்டினான். பானை கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. சோடாவை வாங்கிக் குடித்தேன்.