அன்றைய பத்துச் சொற்கள்

எழுபதுகளின் கடைசியில் மதுரை கோரிப்பாளையத்தில் குடியிருந்தோம். கல்லூரியில் படித்த எனக்கு ஆங்கிலப் பைத்தியம். தினமும் அகராதியிலிருந்து பத்துக் கடினமான சொற்களை மனப்பாடம் செய்வேன். பொழுது சாய்வதற்குள் அவற்றை எங்காவது எழுதிவிட வேண்டும் என்பது என் சட்டம்.

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. ராமநாதபுரத்தில் வேலை பார்த்த கணவரை மதுரைக்கு மாற்றும்படி, இங்கிருந்த மேலதிகாரிக்குக் ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தரச் சொன்னார். அன்றைய பத்துச் சொற்களையும் அதில் இறக்கினேன். வாசித்துக் காட்டியதும், "எம்புட்டு அழகா இருக்கு தம்பி!" என்று பூரித்துப்போனார்.

ஒன்றரை மாதமாகியும் பதில் இல்லை. அக்காவுடன் நானும் அந்த அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி கடிதத்தைத் தேடி எடுத்தார்.

"ரெண்டு தடவ படிச்சேன். என்ன வேணும்னுதான் புரியலம்மா."

அக்கா தமிழிலேயே சொன்னார்: "நாள் நெருங்கிருச்சு சார். வீட்ல வேற ஆள் இல்ல. அவுகள மதுரைக்கு மாத்தி விடுங்க."

அதிகாரி உடனே மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். ஆனால் உத்தரவு போய்ச் சேருமுன் குழந்தை பிறந்துவிட்டது. தகப்பன் மூன்றாம் நாள்தான் வந்து மகளைப் பார்த்தார்.

அக்கா என்னைக் கோபித்திருக்கலாம். ஆனால் குழந்தையை என் மடியில் கிடத்தி, "இவளுக்கும் நீதான் தம்பி இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கணும்" என்றார்.

அந்தப் பத்துச் சொற்களில் ஒன்றுகூட இன்று நினைவில்லை. அக்காவின் நம்பிக்கைதான் இன்னும் குத்துகிறது.