வெளுத்த பவளத்துக்கு ஒரு சிட்டிகை உரம்

இறுதியாண்டு ஆய்வுக்காகப் பல்கலைக்கழகத்தில் எனக்கு இரண்டு கடல்நீர்த் தொட்டிகளைக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஆறு பவளத் துண்டுகள். ஒரு தொட்டியின் நீரை மெல்லச் சூடேற்ற வேண்டும். மற்றதைக் குளிராகவே வைத்திருக்க வேண்டும். சூட்டில் பவளம் எப்படி வெளுக்கிறது என்று ஒப்பிட்டு எழுதுவதுதான் வேலை. அது தேறினால்தான் பட்டம். எங்கள் குடும்பத்தில் ஆரம்பப் பள்ளியைத் தாண்டியவன் நான் ஒருவன்தான்.

மூன்றாம் வாரம், திங்கட்கிழமை காலை. வெளுக்கவே கூடாத குளிர்த் தொட்டியில் துண்டுகள் வெளிறிக் கிடந்தன. பயந்துபோய் அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் மலேசியாவின் கோல சிலாங்கூர் பக்கம் செம்பனை எனும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் உரம் போடுகிறவர்.

"செம்பனைக் கன்னு வெளுத்தா என்னப்பா செய்வீங்க?"

"பசி லா. ஒரு பிடி உரத்தப் போடு, தன்னால பச்சை கட்டும். யூனிவர்சிட்டில இதக்கூடவா சொல்லித் தரல?"

பவளத்துக்காகக் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. பவளம் செடியல்ல, விலங்கு என்று தேர்வில் எழுதியவன்தான் நான். ஆனாலும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவனுக்கு வெளுப்பு என்றால் பசிதான். வராந்தாப் பூந்தொட்டிகளுக்கு வைத்திருந்த உரத்தில் ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினேன்.

வியாழக்கிழமை கண்ணாடியெல்லாம் பாசி. துண்டுகள் எலும்பு மாதிரி வெள்ளை. விரிவுரையாளர் வந்ததும் முதலில் குளிரூட்டும் கருவியைத் தொட்டுப் பார்த்தார். வார இறுதியிலேயே அது நின்றுபோயிருந்தது. நீர் சூடானதும், பவளத்தின் சதைக்குள் வாழ்ந்து அதற்கு நிறமும் உணவும் தரும் நுண்பாசி வெளியேறிவிட்டது. நான் வெப்பமானியைப் பார்க்கவே இல்லை.

"வேற ஏதாச்சும் போட்டீங்களா?"

கருவி மேல் பழியைப் போட்டிருக்கலாம்.

"உரம் போட்டேன், மேடம்."

"அதுவே சூட்டுல தவிக்குது, உரம் வேறயா? தோட்டத்து உரம் மழையில ஆத்துக்கு வந்து, கடலுக்குப் போறப்பவும் இதான் நடக்குது. உரம் ஏற ஏற பவளம் சூட்டத் தாங்காது. முதல்லேர்ந்து செய்யுங்க. ஒரு செமஸ்டர் போகும். செஞ்ச தப்பையும் அறிக்கைல எழுதுங்க."

பவளத்துக்கு உரம் போட்டதையும், மேடம் சொன்னதையும், பட்டம் தள்ளிப்போனதையும் அப்பாவிடம் சொன்னேன்.

"நான் கன்னுக்குத்தான்டா சொன்னேன். உன் கடல் கல்லுக்கு யாரு சொன்னா?" என்றார். பிறகு குரல் இறங்கியது. "மழை வர்ற நாள்லயும் போடச் சொல்றாங்க. போட்டதுல பாதி கால்வாய்க்குத்தான் போகுது. அதையும் எழுது. என் பேரை மட்டும் போடாத, வேலை வாங்குற மண்டோர் காதுக்குப் போனா சும்மா விடமாட்டான்."

அடுத்த செமஸ்டரில் தேறினேன். என் தப்பு, கால்வாய்க்குப் போகும் உரம், இரண்டையும் எழுதியிருந்தேன். அப்பா பெயரைப் போடவில்லை.