இறுகிய போல்ட்

யாரோ சுட்டுவிட்டுப் போட்ட பித்தளைத் தோட்டா உறையைக் குனிந்து எடுத்து, வெயில் படும்படி சாய்த்து, அதன் அடிப்பாகத்தைக் கண்ணருகே கொண்டுபோகிறார் ஆர்டிஸ் க்வாமி. உறை இன்னும் சூடாக இருக்கிறது. அதை அவர் பொருட்படுத்துவதில்லை.

"யாருது இது?"

மூன்றாவது மேசையில் ஒருவர் தயங்கிக் கை தூக்குகிறார்.

"நல்லாருக்கு. இத்தோட நிறுத்திக்கோ. இன்னும் கொஞ்சம் வெடிமருந்து ஏத்திப் பாப்போம்னு ஆசைப்படாதே."

அடுத்த உறைக்குக் குனிகிறார்.

மொன்டானாவில் எங்கள் ஊர்த் துப்பாக்கி சுடும் திடலுக்குச் சனிக்கிழமைப் பொறுப்பாளன் நான். ஆர்டிஸுக்கு இங்கே பதவி எதுவும் கிடையாது. அறுபத்திரண்டு வயதுப் பெண்மணி. ஊரின் பல் மருத்துவரிடம் முப்பது ஆண்டுகளாகப் பல் சுத்தம் செய்யும் வேலை. இங்கே சுட வருகிறவர்களில் பாதிப் பேர் அவர் முன் வாயைத் திறந்தவர்கள். "தினமும் பல்லிடுக்குல நூல் போடறேன்னு அங்க புளுகுவானுங்க. தோட்டா செய்யற புத்தகத்துல இருக்கிற அளவுதான் வெடிமருந்து போட்டேன்னு இங்க புளுகுவானுங்க" என்பார்.

குளிர்காலம் முழுக்க வீட்டிலேயே தோட்டா செய்கிற ஊர் இது. பழைய உறையில் புதிதாக மருந்து நிரப்பி, குண்டைப் பொருத்தி, இலையுதிர்காலத்தில் எல்க் மான் வேட்டைக்கு எடுத்துக்கொண்டு போவோம். மருந்து கொஞ்சம் கூடினால் குண்டு வேகமாகப் போகும். அந்த வேகத்தில்தான் பலர் மயங்குகிறார்கள். ஆர்டிஸ் பார்ப்பது அந்த மயக்கம் பித்தளையில் விட்டுப்போகும் தடயங்களை. உறையின் அடி நடுவில், ஊசி வந்து தட்டியதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு வட்டம்தான் பிரைமர். அதன் உருண்ட விளிம்பு நசுங்கித் தட்டையாகியிருக்கிறதா, ஊசி குத்திய குழியைச் சுற்றி வரம்பு எழும்பியிருக்கிறதா என்று பார்ப்பார். "இது ஒண்ணை மட்டும் நம்பக்கூடாது. சில பிரைமர் பிறவியிலேயே மிருது." அடுத்து, அடிப்பாகத்தில் பளபளவென்று தேய்ந்த ஒரு புள்ளி. பித்தளை பின்னால் பிதுங்கி இரும்பில் அழுந்திய அச்சு அது. எல்லாவற்றுக்கும் மேலாக, துப்பாக்கிக் குழலின் பின்வாயை அடைக்கும் இரும்புத் தண்டான போல்ட்டின் கைப்பிடி, சுட்ட பிறகு தூக்க வராமல் இறுகுவது. "அறிகுறி தெரியற வரைக்கும் ஒண்ணுமில்லன்னு நெனைக்காதே. தெரியறப்பவே எல்லையைத் தாண்டியாச்சு."

அவர் கணவர் மெர்ல் சனிக்கிழமைதோறும் கூடவே வருவார். பிக்கப் வண்டியை விட்டு இறங்க மாட்டார். கண்ணாடியை இறக்கிவிட்டு ரேடியோவில் பேஸ்பால் கேட்பார். பதினொரு ஆண்டுகளுக்கு முன் அவர் துப்பாக்கி பின்பக்கமாக வெடித்தது. வலது கண் போயிற்று. கன்னத்தில் பித்தளைத் துகள்கள் இன்னும் இருக்கின்றன. இது ஊருக்கே தெரிந்த கதை. தெரியாத பகுதி ஒன்று இருந்தது. அது கடந்த ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை வெளியே வந்தது.

அன்று வெயில் தொண்ணூற்றெட்டு டிகிரி. ஐந்தாவது மேசையில் டுவேன் ப்ரூயிட். மாடு வளர்ப்பவர், குறி தவறாமல் சுடுவதில் மாவட்டத்தில் பெயரெடுத்தவர். அக்டோபரில் தன் தம்பி வேட்டைக்கு வருவதாகவும், இதே தோட்டாக்களைத்தான் அவனுக்கும் தரப்போவதாகவும் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை சுட்டதும் உள்ளங்கையின் அடியால் போல்ட் கைப்பிடியை ஓங்கித் தட்டித் திறந்தார். இரண்டாம் முறை அப்படித் தட்டியபோதே ஆர்டிஸ் நிமிர்ந்துவிட்டார்.

"சுடுறதை நிறுத்துங்க! எல்லாரும்!"

அந்தக் குரலை யார் எழுப்பினாலும் திடல் அடங்க வேண்டும் என்பது விதி. அடங்கியது. காதடைப்பான்களைக் கழற்றினோம்.

"என்ன ஆச்சு மேடம்? எனக்குச் சொத்தைப் பல்லா?" என்றார் டுவேன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஆர்டிஸ் சிரிக்கவில்லை. டுவேனின் காலடியில் கிடந்த உறையை எடுத்துக் காட்டினார். "இந்தப் பளபளப்பைப் பாரு. போல்ட் வேற இறுகுது. எப்ப செஞ்ச தோட்டா?"

"மார்ச்சுல. அப்ப வெண்ணெய் மாதிரி திறந்துச்சு."

"மார்ச்சுல பனி கொட்டிக்கிட்டு இருந்துச்சு. இன்னிக்குப் பெட்டியை எங்க வெச்சிருந்தே?"

"வண்டியில. முன்கண்ணாடிகிட்ட."

"சூட்டுல மருந்து இன்னும் வேகமா எரியும் டுவேன். இன்னிக்கு நீ சுடறது மார்ச்சுல செஞ்ச தோட்டாவே இல்ல."

டுவேனுக்கு முகம் சிவந்தது. "முப்பது வருஷமா செய்யறேன். மெர்லுக்கு நடந்தது மெர்லோட தப்பு. அதை ஊர்ல இருக்கிறவன் தலையில எல்லாம் கட்டாதீங்க."

பிக்கப்பில் ரேடியோ அணைந்தது கேட்டது.

"அவரு மருந்தை ஏத்தினது அவரு தப்புதான்" என்றார் ஆர்டிஸ். குரல் உயரவில்லை. "ஆனா துப்பாக்கி வெடிச்சதுக்கு முந்தின தோட்டாவைச் சுட்டது நான். கைப்பிடி வரல. முழங்கையால இடிச்சுத் திறந்தேன். கேட்டா கோச்சுப்பாரு, நல்ல நாளு, எதுக்கு வம்புன்னு வாயை மூடிக்கிட்டு துப்பாக்கியை அவரு கையில குடுத்தேன். இதை இன்னி வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. அவருகிட்டயும் சொன்னதில்ல."

பிக்கப்பின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நாங்களும் திரும்பத் துணியவில்லை.

டுவேன் வெகுநேரம் அந்த உறையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு போல்ட்டை மெல்லத் திறந்து, உள்ளே இருந்த சுடாத தோட்டாவை வெளியே எடுத்தார். பெட்டியில் வைத்து மூடினார்.

"இதையெல்லாம் என்ன பண்றது?"

"புதன்கிழமை கொண்டுவா. பிரிச்சுடலாம்."

புதன்கிழமை மாலை, தோட்டா பிரிப்பதற்கென்று திடலில் இருந்த சுத்தியலை எடுத்துக்கொண்டு நானும் போனேன். தோட்டாவை அதன் உள்ளீடற்ற தலைக்குள் மாட்டி மரக்கட்டையில் ஓங்கித் தட்டினால் குண்டும் மருந்தும் தனியே கொட்டும். க்வாமி வீட்டு வண்டிக் கொட்டகையில் டுவேன் தட்ட, ஆர்டிஸ் மருந்தைக் கிண்ணத்தில் வாங்கினார். சுட்ட உறைகளில் புதுப் பிரைமரை வைத்துப் பார்த்தார்கள். இறுக்கமாக உட்கார வேண்டியது விரலால் தள்ளினாலே உள்ளே போயிற்று, கவிழ்த்தால் விழுந்தது. பித்தளை அவ்வளவு விரிந்திருந்தது. டுவேன் அவற்றைக் குப்பைத் தொட்டியில் போட்டார். "தம்பி கையில குடுத்திருப்பேன்" என்றார்.

சனிக்கிழமைக்குப் பிறகு மெர்ல் அதிகம் பேசவில்லையாம். சாப்பிட்டாராம், தூங்கினாராம். கொட்டகையில் தோட்டா செய்யும் அந்த மேசையை அவர் தொட்டுப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன என்று ஆர்டிஸ் எங்களிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தபோதே வீட்டுக் கதவு திறந்தது. மெர்ல் வந்தார். யாரையும் பார்க்கவில்லை. சுவரோரம் கிடந்த முக்காலியை இழுத்து, ஆர்டிஸுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். டுவேன் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக்கொண்டார்.

பிறகு, அடுத்த தோட்டாவுக்காக, மனைவியிடம் உள்ளங்கையை விரித்து நீட்டினார்.