கோமதி மேட்ரனும் அந்த வெந்நீரும்

கோமதி மேட்ரன் போயிட்டாங்க. காலையில அவங்க மகள் வள்ளி செங்கோட்டையிலிருந்து போன் பண்ணினா.

அழுதுக்கிட்டே ஒண்ணு கேட்டா. "மாமா, அம்மா அந்த முதியோர் இல்லத்து வேலையை ஏன் விட்டாங்க? கடைசி வரை சொல்லவே இல்ல. நீங்க அங்கனதான இருந்தீங்க?"

வயசாச்சும்மா, ஞாபகம் இல்லைன்னேன். என் ஞாபக சக்தியைப் பத்தி இங்கே ஃபேஸ்புக்குல நாலு பதிவு போட்டிருக்கேன்... எல்லாம் பெருமைதான்.

அறுபதுகளோட கடைசி. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவுல, ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஆதரவில்லாத வயசானவங்களுக்கு ஒரு இல்லம். எஸ்எஸ்எல்சியில ரெண்டு தடவை கோட்டை விட்ட நான், மூணாவது தடவை எழுதுறதுக்குப் பதிலா அங்கே அட்டெண்டரா சேர்ந்தேன்.

சுருள் கிராப்பு, கழுத்துல கர்ச்சீப். மேட்ரன் எனக்கு வச்ச பேரு மைனர்.

முதல் நாளே என்னைக் கட்டில்ல படுக்கச் சொன்னாங்க. கையை ஆட்டக் கூடாது, வாயைத் திறந்து பேசக் கூடாது. இன்னொரு அட்டெண்டர் எனக்குக் கஞ்சி ஊட்டினான். ரெண்டாவது கரண்டி மூக்குல ஏறிடுச்சு.

"என்னலே மைனரு, கஞ்சிக்கே கண்ணு கலங்குது? அந்தா இருக்காங்கள்ல, அவங்க தெனம் மூணு வேளை இதத்தான் படுதாங்க. எந்திரி. இப்ப நீ ஊட்டு, அவன் படுக்கட்டும்."

புதுசா யார் வந்தாலும் இதுதான். ஒருத்தன் பாதிக் கஞ்சியில எந்திரிச்சு ஓடியே போயிட்டான். எனக்கு ஓட இடமில்லை... வீட்டுல அப்பா இருந்தார்.

சனிக்கிழமை மதியம் ஒவ்வொருத்தரையா ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்துவாங்க. கேள்வி ஒண்ணுதான். "இந்த வாரம் யார் மேல கோவம் வந்துச்சு?"

யார் மேலயும் இல்லக்கான்னேன், பெரிய உத்தமன் மாதிரி.

"பொய் சொல்லாதலே. சுடலைமுத்து தாத்தா ஒரே நாள்ல மூணு தடவை படுக்கையை நனைச்சாரு. எனக்கே வந்துச்சு. வந்தா எங்கிட்ட வந்து சொல்லு, அவருட்ட கையில காட்டிராத."

சொன்னேன். திட்டலை. மறுநாள்லருந்து தாத்தாவுக்குத் துணி மாத்த எனக்குத் துணையா இன்னொரு ஆளைப் போட்டாங்க.

ஒரு நோட்டும் வச்சிருந்தாங்க. யாருக்கு எங்கே புண், யார் சாப்பிடலை, யாரால என்ன தப்பு நடந்தது... எல்லாம் அதுல ஏறிடும்.

இல்லத்து செக்ரட்டரிக்கு அந்த நோட்டைக் கண்டாலே ஆகாது. ஊர்ப் பெரிய மனுஷன். சீசனுக்குக் குற்றாலம் வர்ற ஆபீசர்களைக் கூட்டி வந்து, "நம்ம இல்லத்துல ஒரு குறை கெடையாது"ம்பார். நோட்டைத் திறந்தா பூரா குறை.

ஒரு சாரல் நேரம். குளிருதேன்னு அண்டாவுல வெந்நீர். முதல்ல உன் முழங்கையில ஊத்திப் பாரு, பிறகுதான் அடுத்தவங்க மேலங்கிறது மேட்ரன் சட்டம்.

நான் சுடலைமுத்து தாத்தாவைக் குளிப்பாட்டிக்கிட்டே, சமையல்காரர்கிட்ட கதை அளந்துக்கிட்டிருந்தேன். குற்றாலத்து லாட்ஜுல ஒரு நடிகை வந்து இறங்கியிருக்கா, எண்ணெய் தேய்க்கிற ஆளுக ரூம் வாசல்ல வரிசை கட்டி நிக்காங்கன்னு... முக்கால்வாசி என் சொந்தச் சரக்கு. முழங்கை எங்கே ஞாபகம் வரும்?

தாத்தாவுக்குப் பக்கவாதம். இடது கால்ல உணர்ச்சி கிடையாது. சுட்டது அவருக்கே தெரியலை. என் கதையைக் கேட்டுச் சிரிச்சுக்கிட்டே இருந்தார்.

தோல் வழண்டு வந்த பிறகுதான் நான் குனிஞ்சு பார்த்தேன்.

மேட்ரன் டாக்டருக்கு ஆள் அனுப்பினாங்க. அப்புறம் நோட்டை எடுத்தாங்க. "வெந்நீரைச் சோதிக்காமல் ஊற்றியதால் இடது காலில் காயம். புதியவரைப் பக்கத்தில் நின்று கவனிக்காதது என் தவறு."

என் பேரே அதுல இல்லை.

ரெண்டு நாள்ல ஒரு ஆபீசர் வர்றதா இருந்தது. செக்ரட்டரி வந்தார். "அவரே மேல கொட்டிக்கிட்டார்னு மாத்தி எழுதிரும்மா."

"சொம்பத் தூக்கவே அவருக்குத் தெம்பு இல்ல அண்ணாச்சி. எப்படிக் கொட்டிக்கிடுவாரு?"

"எழுதுதியா, இல்ல வேற ஆளைப் பாக்கட்டா?"

"பாத்துக்கிடுங்க. நோட்டு இப்படியேதான் இருக்கும்."

அன்னைக்குச் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். "ஏலே, தண்ணியை அப்படியே ஊத்துன்னு மேட்ரன்தான் சொன்னான்னு எழுதிக் கையெழுத்துப் போடு. உன் வேலைக்கு ஒண்ணும் வராது."

எழுதினேன். அவர் பேனாதான். மை நல்லா ஓடுச்சு.

மறுநாள் அந்தப் பேப்பரை அவங்க முன்னாடி நீட்டித்தான் வெளியே அனுப்பினார். அவங்க ட்ரங்குப் பெட்டியோட பஸ்ஸுக்கு நடந்தப்போ, நான் சமையல்கட்டுல விறகுக் குவியலுக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்தேன்.

சமையல்காரர்கிட்ட சொல்லிட்டுப் போனாங்களாம்... "தாத்தா கால் கட்டை மைனரே மாத்தட்டும். இனிமே அவன் பாத்துத்தான் செய்வான்."

மாத்தினேன். தாத்தா அந்த ஐப்பசியைத் தாண்டலை.

அதே இல்லத்துல நான் சூப்பரின்டெண்டென்ட் வரைக்கும் வந்து ரிட்டயர் ஆனேன். பொன்னாடை போட்டாங்க. பராமரிப்புக்கு இவரே முன்னுதாரணம்னு ஒருத்தர் மைக்ல பேசினார். ஏற்புரையில ரெண்டு ஜோக் சொன்னேன், நல்லா எடுபட்டுச்சு.

மேட்ரனுக்கு அதுக்கப்புறம் எந்த இல்லத்துலயும் வேலை கிடைக்கலை. எங்கே போய்க் கேட்டாலும் அந்தப் பேப்பர் அவங்களுக்கு முன்னாடி போய் நின்னுச்சு.

வள்ளி, நீ என் ஃப்ரெண்ட் லிஸ்ட்ல இருக்கே. போன வருஷம் சொன்னே... உங்க பதிவை வாசிச்சுக் காட்டுவேன் மாமா, அம்மா சிரிப்பாங்கன்னு. அப்பவாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். இன்னொரு ஜோக் போட்டேன்.

எல்லாம் ஞாபகம் இருக்கும்மா. தண்ணியை அப்படியே ஊத்துன்னு உங்க அம்மா சொல்லவே இல்லை. தண்ணி ஊத்தினது நான். பொய் எழுதினதும் நான்.

மூணு மணிக்கு எடுக்கிறதாச் சொன்னே. பஸ் ஏறிட்டேன். உள்ளே விடாட்டி தெருவுல நிக்கேன்.

மேட்ரன்... போயிட்டு வாங்கக்கா.